வாளியோடு வந்து இறங்கியவள்

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட ஒரு பங்கு சேர்த்துச் சொல்வார்கள். ஒரு கல்லூரி எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாக ஃபீஸ் வாங்குகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு சீக்கிரம் பிள்ளைகளுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினேன். கண் டாக்டர் "இது தெளிவா, இது தெளிவா" என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு நம்பரை எழுதிக் கொடுப்பாரே, அந்த மாதிரி. பெரிய ஆஸ்பத்திரி என்றால் நம்பர் இன்னும் துல்லியமாக இருக்கும் என்று நினைக்கிற ஆள்தான் நான்.

என் பெண் ப்ளஸ் டூ முடித்தபோது அவளுக்கு மூன்று விஷயம் பிடித்திருந்தது. சரித்திரம், செடிகொடி, புள்ளியியல். மூன்றில் எது என்று கேட்டால், தெரியவில்லை என்றாள். மலையாள தேசத்தில் தமிழ் பேசுகிற எங்கள் வலியசாலைத் தெருவில் "தெரியலை" என்பது பதிலாகச் செல்லாது. எஞ்சினீயரிங் சொல்லலாம், சி.ஏ. சொல்லலாம், ஒன்றும் தோன்றாவிட்டால் பேங்க் பரீட்சை சொல்லலாம். "தெரியலை" என்று சொன்னால் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெங்களூருக்கு வெளியே, ஊரே இல்லாத ஓரிடத்தில் இருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகம் எங்கள் கண்ணில் பட்டது. முதல் இரண்டு வருஷம் எதையும் முடிவு செய்ய வேண்டாம், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்க்கலாம், பிறகு பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று வழவழப்பான தாளில் அச்சடித்திருந்தார்கள். ஓணத்து இலையில் எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி வைப்பதைப்போல. பெற்றோரை அழைத்துச் சுற்றிக் காட்டினார்கள். நடுவில் ஒரு குளம், குளத்தில் வாத்துகள். பதினொரு வாத்து. உட்கார்ந்து எண்ணினேன். ஃபீஸ் விவரம் எழுதிய தாள் என் மடியில் இருந்தது, அதைப் பார்க்காமல் இருப்பதற்கு வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

பணம் கட்டினோம். எப்படிக் கட்டினோம் என்பதை விடுங்கள். கட்டிவிட்டு வந்து தெரு முழுக்க உண்ணியப்பம் கொடுத்தேன். எதிராத்து மாமி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "குழந்தை என்ன படிக்கறா?" என்று கேட்டாள். "எல்லாம் படிக்கறா மாமி" என்றேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

ஒரு வருஷம் ஓடியது. முதல் ஆறு மாதம் எது பிடிச்சிருக்கு என்று போனில் கேட்டால் "எல்லாம் பிடிச்சிருக்குப்பா" என்பாள். அடுத்த ஆறு மாதம் "சாப்பாடு பரவாயில்லை" என்பாள். நான் கேட்டதற்கும் அவள் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. என் தொழில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். நாலு வார்த்தை சுற்றிப் பேசி விஷயத்தை மறைப்பது நான் அவளுக்குச் சொல்லித் தராமலே வந்த குலவித்தை.

கோடை விடுமுறைக்கு அவள் வந்த அன்று காலையில் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் வந்து நின்றது. பெட்டி இறங்கியது, பை இறங்கியது, இன்னொரு பை இறங்கியது, பிறகு ஒரு நீல நிற வாளி இறங்கியது.

ஹாஸ்டலில் பிள்ளையை விட்டவர்களுக்கு இது புரியும். விடுமுறைக்கு வருகிற பிள்ளை துணி கொண்டுவரும், அழுக்குத் துணி கொண்டுவரும், புத்தகம்கூடச் சில சமயம் கொண்டுவரும். வாளியைக் கொண்டுவராது. வாளியில் பேரெழுதி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் வரும். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தால் திரும்பிப் போகிற உத்தேசம் இல்லை என்று அர்த்தம். வாளிக்குள் செருப்பு, குவளை, மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. பார்த்தால் அஸ்திக் கலசம் மாதிரியே இருந்தது.

"என்னம்மா, வாளி?" என்றேன்.

"வாளிதான்பா" என்றாள்.

ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை அந்த வாளி எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது. ஆத்துக்குள் நுழைந்ததும் என் மனைவி வாளியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "காப்பி கலக்கட்டுமா" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, இந்த வீட்டில் வாளியைப் பற்றி முன்கூட்டியே தெரியாத ஒரே ஜீவன் நான்தான் என்று.

காப்பி குடித்து முடித்ததும் பெண் விஷயத்துக்கு வந்தாள். ரொம்பத் தெளிவாகவே பேசினாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வருஷம் எல்லாவற்றையும் ருசி பார்த்தாயிற்று, இன்னும் எது என்று தெரியவில்லை. இன்னொரு வருஷமும் தெரியாமல் போகலாம். இங்கேயே அரசுக் கல்லூரியில் இப்போது நான்கு வருஷப் பட்டப்படிப்பு வந்திருக்கிறது, வெளியிலிருந்து வருகிறவர்களை இரண்டாம் வருஷத்தில் காலியிடம் இருந்தால் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆத்திலிருந்து நடந்தே போய்வரலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாள்.

"தெரியாம இருக்கறதுக்கு அவ்வளவு ஃபீஸ் எதுக்குப்பா? அதை வலியசாலையில இருந்துண்டே பண்ணலாமே."

என் தொழிலில் வாய் அடைத்தால் சோறு கிடையாது. உடனே என் பழைய பிரசங்கத்தை எடுத்தேன். பாலிசியை நடுவில் நிறுத்தப் போகிறேன் என்று வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் இருபது வருஷமாக நான் செய்கிற பிரசங்கம். போட்டது வீணாகும், கூட இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொள், பாதியில் இறங்கினவன் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை, இத்யாதி. தெருவில் பாதிப் பேரை இந்தப் பிரசங்கத்தாலேயே கட்டிப்போட்டிருக்கிறேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். சின்ன வயசிலிருந்து பக்கத்து அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டு வளர்ந்தவள். நான் ஒரு வரியை விட்டுவிட்டபோது அதையும் எடுத்துக் கொடுத்தாள்.

முடித்ததும், "பாதியில இறங்கினவன் சரியான பஸ்ல ஏறிப் போயிருப்பான்பா" என்றாள். "நீ அவனைத் தேடிப் பார்த்தியா?"

சிக்கல் ஒன்றே ஒன்றுதான், ஆனால் கெட்டிச் சிக்கல். பெங்களூர்க்காரர்களுக்கு இரண்டாம் வருஷப் பணத்தை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் அங்கே இடம் போய்விடும். இங்கே அரசுக் கல்லூரியில் காலியிடம் இருக்கிறதா, எதில் இருக்கிறது என்பது அதற்குப் பத்து நாள் கழித்து, திங்கட்கிழமைதான் தெரியும். அதாவது அந்தப் பத்து நாளும் அவள் எந்தக் கல்லூரியிலும் இல்லை. இங்கே இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் அப்படியே போய்விடும், படித்த வருஷமும் சேர்ந்து. லாப்ஸ். தவணை கட்டாத பாலிசி செத்துப்போவதற்கு நாங்கள் சொல்கிற பேர். என் பாஷையில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. கிழக்கேகோட்டைக் கோயிலில் பத்து நாள் உற்சவத்துக்குக் கொடியேறுகிறாற்போல எனக்குள் அப்போதே கொடியேறிவிட்டது.

வெள்ளிக்கிழமைவரை நான் நடந்துகொண்டதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். ஒன்று, பெங்களூர்க்காரர்களுக்கு ரகசியமாக போன் செய்தேன். ஆலோசகர் என்று ஒரு பெண் குரல் வந்து, என் மனநிலை எப்படி இருக்கிறது என்று ரொம்பக் கனிவாக விசாரித்தது. பெண்ணின் மனநிலையைப் பற்றிக் கேட்க போன் செய்த நான், என் பி.பி., தூக்கம், கல்யாணமான புதிதில் மாமனாரோடு வந்த சண்டை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, முக்கால் மணிநேரம் கழித்து மனசு லேசாகி போனை வைத்தேன். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. அன்று சாயந்திரமே பெற்றோருக்கான யோகா வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டதாக மெயில் வந்தது.

இன்னொன்று, தெருவில் நேராக நடப்பதை நிறுத்தினேன். எங்கள் தெரு ஒரே கோடாக, வீட்டோடு வீடு ஒட்டி இருக்கும். வாசலில் இறங்கினால் இருபது வீட்டுக் கண் படும். அதனால் பின்பக்கச் சந்து வழியாகப் போய், கோயிலைச் சுற்றி, ஆட்டோ ஸ்டாண்டு வழியாக வெளியே வர ஆரம்பித்தேன். பால் வாங்கப் போகிறவன் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினான். எனக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அப்படியும் மாமி பிடித்துவிட்டாள். "குழந்தை வாளியைக் கொண்டுவந்திருக்காளே, என்ன விசேஷம்? வெறுதே கேட்டேன்" என்றாள். வெறுதே என்றால் சும்மா. ஆனால் அந்த மாமி வாழ்நாளில் ஒரு கேள்வியும் சும்மா கேட்டவள் இல்லை.

"பெங்களூர்ல தண்ணிக் கஷ்டம் மாமி. இங்கேருந்து ஒரு வாளி பிடிச்சுண்டு போகலாம்னு வந்திருக்கா" என்றேன்.

மாமி சிரிக்கவில்லை. "அப்போ திரும்பிப் போறாளாக்கும்" என்றாள். அந்த "ஆக்கும்" என் முதுகில் வந்து குத்தியதை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் என் மனைவிக்கே பொறுக்கவில்லை. இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக் கேட்டு அவளுக்கும் குழம்பிவிட்டது. பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். எங்கள் வீடுகளில் இது வழக்கம்தான். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, வெளியே தெரியாதபடி விளக்குக்கு முன்னால் வைத்து, மனசில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுப்பது. கல்யாணத்துக்குப் பார்ப்பார்கள், வீடு வாங்கப் பார்ப்பார்கள், மூட்டு ஆபரேஷனுக்குக்கூடப் பார்த்தவர்கள் உண்டு. வெள்ளை வந்தால் பெங்களூர், பணத்தைக் கட்டிவிடுவது. சிவப்பு வந்தால் பணம் கட்ட வேண்டாம், வாளி உள்ளே. எது வந்தாலும் யாரும் பேசக்கூடாது. பெண்ணும் சரி என்றாள். பொட்டலம் கட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இந்த வீட்டில் காகிதமோ இலையோ, மடிக்கிற வேலை எல்லாம் ஏஜெண்டுடையது.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பூப்பறிக்கப் போனேன். போகும்போது நல்ல மனிதனாகத்தான் போனேன். நந்தியாவட்டைச் செடிக்கு முன்னால் நின்றபோது என் கை தன்னிச்சையாக நாலு பூவுக்குப் பதில் எட்டுப் பறித்தது. பகவானுக்கு ஆயிரம் வேலை இருக்கும், இந்தச் சின்ன விஷயத்தில் நாம் கொஞ்சம் ஒத்தாசை செய்தால் என்ன என்று தோன்றியது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. நாரை இறுக்கிக் கட்டினேன். இவ்வளவு நேர்த்தியாக என் வாழ்க்கையில் நான் எதையும் கட்டியதில்லை. கொண்டுபோய் விளக்குக்கு முன்னால் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் ஒரு நடுநிலைமையை வரவழைத்துக்கொண்டு நின்றேன்.

பெண் குளித்துவிட்டு வந்தாள். நமஸ்காரம் பண்ணினாள். பொட்டலங்களைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"அப்பா, சிவப்புத் தெச்சிப்பூ எங்க இருக்கு?"

"எங்க இருக்கும், வாசல்லதான்."

"நந்தியாவட்டை?"

"கொல்லையில."

"நான் கிணத்தடியில பல் தேய்ச்சுண்டிருந்தேன். நீ கொல்லைக்கு வந்தே, பறிச்சே, உள்ள போனே. வாசல் கதவை அம்மா இன்னும் திறக்கவே இல்லை."

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் தெச்சி, பின்னால் நந்தியாவட்டை, நடுவில் அறுபது அடி. முன்வாசலுக்குப் போகாமல் சிவப்புப்பூ கையில் வர வழியே இல்லை. ஐம்பத்திரண்டு வயசில், சொந்த வீட்டின் வரைபடத்திடம் ஒருவன் மாட்டிக்கொண்டான் என்றால் அது நான்தான்.

என் மனைவி குனிந்து இரண்டு பொட்டலத்தையும் அவிழ்த்தாள். வெள்ளை. வெள்ளை. விளக்குக்கு முன்னால் எட்டு நந்தியாவட்டையும் என்னைப் பார்த்துச் சிரித்தன. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பூக்களை எடுத்து ஒவ்வொன்றாக சுவாமி படங்களுக்கு வைத்தாள். வைத்து முடித்துத் திரும்பினாள்.

"வெள்ளை வரும்னு உங்களுக்கு நம்பிக்கை இருந்தா இந்த வேலை பண்ணியிருக்க மாட்டேள். சிவப்புதான் வரும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அப்பறம் எதுக்கு எங்களைக் குளிக்க வச்சேள்?"

அப்போது என்னிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. வேஷம் எல்லாம் கழன்றுபோய், உள்ளேயிருந்து வந்தது.

"இங்க கிடைக்கலேன்னா?"

பெண்தான் பதில் சொன்னாள். "கிடைக்கலேன்னா ஒரு வருஷம் ஆத்துல இருப்பேன். அடுத்த வருஷம் முதல்லேருந்து சேருவேன். அதையும் நினைச்சுப் பார்த்துட்டேன்பா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அங்க இருக்கறது அதைவிடப் பயமா இருக்கு."

அன்று நாங்கள் பணம் கட்டவில்லை. சாயந்திரம் ஐந்து மணிக்கு அவர்களுடைய கெடு முடிந்தது. ஐந்து அடித்து ஒரு நிமிஷத்தில் நான் செத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். ஐந்து பத்துக்கு அடை சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை இங்கத்திய பல்கலைக்கழக ஆபீஸுக்குப் போனோம். வெளியூரில் படித்த பாடமும் இங்கே உள்ள பாடமும் ஒன்றுதான் என்று இவர்கள் ஒரு கடிதம் தர வேண்டும். அது இல்லாமல் கல்லூரியில் நிற்கக்கூட விடமாட்டார்கள். நானும் கூடப் போனேன். எதற்கு என்று கேட்டால், அவளுக்குத் தைரியம் சொல்ல. மாடிப்படி ஏறும்போது அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். நாங்கள் உட்காருவதற்குள் மலையாளத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரியின் சீலும் கையெழுத்தும் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் இப்போதே போய் வாங்கிவரலாம், வெறுதே நேரத்தைக் கழிக்க வேண்டாம் என்றார்.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்தப் பெங்களூர்க்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியும். அங்கே எல்லாம் கம்ப்யூட்டர், எல்லாம் கட்டம் கட்டமான கறுப்புப் படம், போனைக் காட்டினால் திறக்கும். பணம் கட்டிய ரசீதிலேயே ஒரு சீல் கிடையாது. பதினொரு வாத்து வைத்திருக்கிற இடத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்குமா? அந்த அம்மாளிடம் கைகூப்பி, என் பிரசங்கத்தில் ஒரு சோகப் பதிப்பு உண்டு, அதைத் தொடங்குவதற்காகத் தொண்டையைச் செருமினேன்.

பெண் பையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். நூற்று நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் கீழ்மூலையிலும் ஊதா நிறத்தில், வட்டமாக, கொஞ்சம்கூட மை ஈஷாமல், அழகான சீல். பக்கத்திலேயே கையெழுத்து.

அந்த அம்மாள் பத்துப் பக்கத்தைப் புரட்டினார். இன்னும் பத்துப் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அங்கிருந்து வருகிறவர்கள் யாரும் இதைக் கொண்டுவருவதில்லையே, இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

அவள் மலையாளத்தில் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கும் தெரிந்தது. போன மாசமே அங்கே ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறாள். சீலா, அதெல்லாம் நாங்கள் வைப்பதில்லை என்றிருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் தொடங்கச் சீல் இல்லாமல் அனுமதி கிடைத்திருக்காது, எங்கேயோ இருக்கிறது, தேடுங்கள் என்று இவள் நாலு நாள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தாம் நாள் ஒரு மேஜையின் அடி டிராயரில், பழைய சாவிகளுக்குக் கீழே சீல் அகப்பட்டது. மை கிடையாது. கேட்டுக்கு வெளியே கடையில் மைப்பெட்டி வாங்கி வந்து, அவர்கள் கண்முன்னே உட்கார்ந்து நூற்று நாற்பது பக்கத்திலும் தானே குத்தி, ஒவ்வொரு பக்கத்துக்கும் கையெழுத்து வாங்கியிருக்கிறாள்.

"அச்சன் ஏஜெண்டாணு" என்று என்னைக் காட்டினாள். அப்பா ஏஜெண்ட். பத்து வயசிலிருந்து எங்கள் வீட்டு ஃபாரங்களுக்கெல்லாம் அவள்தான் சீல் குத்துவாள். "சீல் இல்லாத காகிதத்தில் பலகாரம்தான் மடிக்கலாம்" என்று நான் எப்போதோ சொன்னதையும் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டாள். அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். இரண்டு நாள் கழித்து வந்து கடிதத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும், "இவ்வளவு காகிதத்தை எங்கம்மா வச்சிருந்தே? நான் பார்க்கவே இல்லையே" என்றேன்.

"வாளியில" என்றாள். "ரயில்ல மழைச்சாரல் அடிக்கும், பையில வச்சா நனைஞ்சுடும்னு வாளியில நிக்க வச்சு, மேல செருப்பு வச்சு மூடிட்டேன். செருப்பு இருந்தா யாரும் தொட மாட்டா."

எந்த வாளியை நான் யாரோ ஒருவருடைய அஸ்திக் கலசத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேனோ, அதற்குள்தான் அவள் தன் இரண்டாம் வருஷத்தை நனையாமல் கொண்டுவந்திருந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்று நான் சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் தள்ளி நின்றார்கள்.

திங்கட்கிழமை காலை அந்தக் கடிதத்தோடு போனால், ஒன்பது மணிக்கே கல்லூரி நோட்டீஸ் போர்டில் காலியிடம் ஒட்டியிருந்தார்கள். சரித்திரத்தில் இரண்டு, தாவரவியலில் ஒன்று, புள்ளியியலில் ஒன்று. காத்திருந்தவர்கள் ஒன்பது பேர். மார்க் வரிசையில் என் பெண் இரண்டாவது. முதல் இடத்தில் வித்துராவிலிருந்து ஒரு பெண், அம்மாவோடு வந்திருந்தாள். உள்ளே போனாள், இரண்டு நிமிஷத்தில் தாவரவியல் என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அந்தத் தெளிவைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

அடுத்தது நாங்கள். வாசல் வரைக்கும் நடக்கும்போது அவள் காதில் சொன்னேன். "சரித்திரம்னு சொல்லிடு. அங்க ரெண்டு சீட் இருக்கு." இரண்டு சீட் காலியாக இருக்கிற பஸ்ஸில் ஏறு, அது எந்த ஊருக்குப் போனால் என்ன. அதுதான் அந்த நேரத்தில் என் தத்துவம்.

உள்ளே மூன்று ஆசிரியர்கள். எது வேண்டும் என்று கேட்டார்கள். அவள் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்றாள்.

வாளியோடு வந்து இறங்கிய அன்றுகூடத் தெரியவில்லை என்றவள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் அவள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மூன்று துறையிலும் பாடம் எடுத்திருக்கிறாய், முடிவாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். அவள் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்: சீல் குத்தும்போது ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. சரித்திரப் பக்கங்களை மடமடவென்று குத்தித் தள்ளினேன். செடிகொடிப் பக்கத்தையும் அப்படியே. புள்ளியியல் பக்கம் வந்தபோது குத்துவதை நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். எடுக்காத பாடத்தின் பக்கத்தைக்கூடப் படித்தேன். அதற்கு அன்று மட்டும் இரண்டு மணிநேரம் ஆனது. அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்தப் பத்து நாளில் யோசித்தபோதுதான் தெரிந்தது.

அவ்வளவு பணம் வாங்கியவர்கள் கண்டுபிடித்துத் தராததை அவர்கள் டிராயரில் கிடந்த ரப்பர் ஸ்டாம்ப் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பணம் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. ஸ்டாம்ப் அங்கேதானே இருந்தது.

அன்று நான் தெருவில் நடுரோட்டில் நடந்து வந்தேன். இருபது வாசலுக்கும் முன்னால், நிதானமாக, வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு. பின்பக்கச் சந்து இருந்தும் அந்தப் பக்கம் போகவில்லை. மாமி வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னாச்சு" என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், பெண் பெங்களூரை விட்டாச்சு, இங்கே சேர்ந்தாச்சு என்று.

மாமி யோசித்தாள். "அப்போ அந்த உண்ணியப்பம்?" என்றாள்.

"அது செல்லாது மாமி. புதுசா தரேன்" என்றேன்.

சாயந்திரம் என் மனைவி உண்ணியப்பம் வார்த்தாள். நான்தான் வீடு வீடாகக் கொண்டுபோனேன். போன தடவை என்ன படிக்கிறாள் என்று கேட்டபோது "எல்லாம்" என்றேன். இந்தத் தடவை ஒரு வார்த்தையில் பதில் இருந்தது, கேட்காத வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தேன். வழியில் இரண்டு பேர் தங்கள் பாலிசியைப் பற்றி ஏதோ கேட்டார்கள். பாதியில் இறங்கினவன் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை என்று தொடங்கினேன். பழக்கதோஷம். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

வாளி இப்போது எங்கள் குளியலறையில் இருக்கிறது. ஒரு செமஸ்டர்கூட அவளுக்கு வீணாகவில்லை. மூன்றாம் செமஸ்டரில் புள்ளியியலில் சேர்ந்து, காலையில் ஒன்பதேகாலுக்கு வீட்டிலிருந்து கிளம்பி நடந்து போய்க்கொண்டிருக்கிறாள்.